மேலாளர் நாற்காலிக்கு ஓசூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஓசூர் பக்கம் புதிய தொழிற்சாலை வருகிறது என்றாலே எழும் முதல் கேள்வி, ‘உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால், எந்த வேலை என்று கேட்பவர்கள் குறைவு. லைனில் நிற்பவர், ஷிஃப்ட் பார்ப்பவர் வரை தெரியும் உள்ளூர் முகங்கள், கொள்முதல், நிதி, விற்பனை என்று மேலே போகப் போகக் குறைகின்றன என்பது இந்த வட்டாரத்தின் நெடுநாளைய ஆதங்கம். அந்த நாற்காலிகளுக்குப் போகும் வழிகளில் ஒன்று, நல்ல நிர்வாகக் கல்வி நிறுவனத்தில் எம்.பி.ஏ. படிப்பது. அதற்கான விண்ணப்பத்திலும் நேர்முகத்திலும் இந்தக் கர்நாடக எல்லைப் பகுதி இளைஞர்கள் எங்கே சறுக்குகிறார்கள், எதைச் சரிசெய்ய முடியும் என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியைக் கடந்ததும் வரும் முதல் தமிழ்நாட்டு ஊர் ஜூஜுவாடி. இன்று அது ஓசூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. பக்கத்திலேயே சிப்காட் தொழிற்பேட்டை. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்ற மூன்று பெயர்களும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் சேர்ந்துதான் இந்த ஊரை வளர்த்தன. பிறகு ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக், தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று மின்வாகனமும் மின்னணுவும் வந்து சேர்ந்தன.

இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது பெங்களூரு ஐ.ஐ.எம். 1973 முதல் இயங்கும் நிர்வாகக் கல்வி நிறுவனம். 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. தூரம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும், ஓசூர் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு வகுப்பில் போய் ‘ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வை எழுதப் போகிறவர்கள் யார்?’ என்று கேட்டால் உயரும் கைகள் குறைவாகவே இருக்கும்.

2024-ஆம் ஆண்டு கேட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 3.29 லட்சம் பேர். எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். இவ்வளவு பெரிய கூட்டத்தில் மதிப்பெண் மட்டுமே ஒருவரைத் தனியாகக் காட்டிவிடாது. எழுத்துத் தேர்வு நேர்முக அறையின் கதவு வரை கொண்டுபோய் விடும். உள்ளே எடுபடுவது விண்ணப்பதாரரின் பின்னணி, அவர் செய்த வேலை, அதைப் பற்றி அவரால் எவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது என்பதெல்லாம்தான். ஓசூர் இளைஞரிடம் இதற்கான சரக்கு நிறையவே இருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எழுதாமல் ஒளித்து வைப்பதுதான் சிக்கல்.

தேர்வுக்கு முன்பே விழும் தடைகள்

முதல் தடை, பட்டம். கேட் எழுதக் குறைந்தது 50 சதவீத மதிப்பெண்ணுடன் இளநிலைப் பட்டம் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 45 சதவீதம். ஓசூர் ஆலைகளில் திறமையான பலர் டிப்ளமோவோடு வேலைக்கு வந்தவர்கள். பத்து ஆண்டு அனுபவம் இருந்தாலும் டிப்ளமோவை மட்டும் வைத்துக்கொண்டு கேட் எழுத முடியாது. வேலையில் இருந்தபடியே பட்டம் முடிக்கப் பகுதிநேரப் படிப்பு, அங்கீகாரம் பெற்ற தொலைதூரக் கல்வி என்று வழிகள் இருக்கின்றன. எம்.பி.ஏ. கனவு இருப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது.

இரண்டாவது, மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றுவது. பல்கலைக்கழகம் தரும் சி.ஜி.பி.ஏ.வை விண்ணப்பதாரர் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதக் கூடாது. பல்கலைக்கழகம் தன் மாற்று முறையைச் சான்றளித்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இறுதியில் சான்றிதழ் சரிபார்ப்பின்போது எண் ஒத்துப்போகாவிட்டால், கிடைத்த இடமும் கையைவிட்டுப் போகும்.

மூன்றாவது தடையில்தான் இந்த எல்லைப் பகுதிக் குடும்பங்கள் அதிகம் குழம்புகின்றன. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று பள்ளிக் காலத்திலேயே வாங்கிவைத்த சாதிச் சான்றிதழ் மாநில அரசின் சேர்க்கைக்குச் செல்லும். ஐ.ஐ.எம். கேட்பது வேறு. அங்கே மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் சாதி இடம்பெற்றிருக்க வேண்டும். வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். அறிவிப்பில் சொன்ன தேதிக்குப் பிறகு வாங்கியதாகவும் இருக்க வேண்டும். பழைய அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு, ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. பதிவு முடிந்த பிறகு பிரிவை மாற்ற கேட் விதிகள் இடம் தருவதில்லை.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஊர் இது. கோலாரிலிருந்தோ குப்பத்திலிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். மத்திய ஓ.பி.சி. பட்டியல் மாநிலவாரியாக இருப்பதால், ஒரே சாதி ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகலாம். அப்பா எந்த மாநிலத்தவர் என்பதில் தொடங்கி வட்டாட்சியர் அலுவலகம் விசாரிக்கும். இதற்கு நாள் பிடிக்கும்.

நான்காவது, பணி அனுபவச் சான்று. சிப்காட்டில் வேலை பார்க்கும் பலருடைய சம்பளம் மனிதவள ஒப்பந்ததாரர் கணக்கிலிருந்து வருகிறது. ஊரில் கேட்டால் பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். சம்பளச் சீட்டில் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். விண்ணப்பத்தில் சம்பளம் கொடுத்தவரின் பெயரை எழுதிவிட்டு, எந்த ஆலையில் என்ன வேலை பார்த்தார் என்பதை விளக்கமாகக் குறிப்பிடுவதுதான் நேர்மை, பாதுகாப்பும்கூட. அப்ரண்டிஸ் காலத்தைப் பல நிறுவனங்கள் பணி அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த தேதியையும் வருங்கால வைப்புநிதிக் கணக்கில் இருக்கும் தேதியையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பின்னால் வரும் தொல்லை மிச்சம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை நினைத்துத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரு ஐ.ஐ.எம். நேர்முகப் பட்டியலைத் தயாரிக்கும்போது பள்ளி மதிப்பெண்ணைப் பார்ப்பது உண்மை. ஆனால், வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் போக்கு மாறும் என்பதால், அந்தந்த வாரியத்தின் 90-ஆவது சதமான மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுச் சமன்செய்வது அதன் முறை. ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் எதற்கு எவ்வளவு மதிப்பு தருகிறது என்பதைத் தன் இணையதளத்தில் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கோச்சிங் சென்டர் விளம்பரத்தை நம்புவதற்கு முன் அந்த ஆவணத்தைப் படிக்க ஒரு மாலை போதும்.

டை மாற்ற எத்தனை நிமிடம்?

கற்பனையாக ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். டிப்ளமோ முடித்து, நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்து பி.இ. மெக்கானிக்கல் படித்தவர். இருசக்கர வாகனத்துக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் மூன்று ஆண்டுகளாக ஷிஃப்ட் இன்ஜினியர். விண்ணப்பத்தில் ‘உங்கள் பணி பற்றி’ என்ற கட்டத்தில் அவர் எழுதுவது இப்படி இருக்கும்: கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர், தலைமைப் பண்பு கொண்டவர், சவால்களை விரும்புபவர்.

இந்த வரியை நாட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். படிக்கும் பேராசிரியருக்கு இதிலிருந்து தெரிவது ஒன்றுமில்லை.

அதே ஆள் தன் ஷிஃப்டில் உண்மையில் செய்தது என்ன? ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற, பிரஸ்ஸில் டையை, அதாவது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை, கழற்றி மாட்ட 50 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. போல்ட், ஸ்பேனர், அடுத்த டை ஆகியவற்றை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிராலியில் எடுத்துவைக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினார். நேரம் 30 நிமிடமாகக் குறைந்தது. ஷிஃப்டுக்கு மூன்று முறை மாற்றினால் ஒரு மணி நேரம் மிச்சம். இதை இரண்டு வரியில் எழுதினால் போதும். பேராசிரியரின் பேனா அங்கே நிற்கும்.

நின்றதும் கேள்விகள் வரும். ஏன் 20 நிமிடமாகக் குறைக்கவில்லை? மிச்சமான ஒரு மணி நேரத்தில் கூடுதலாக அடித்தீர்களா, அல்லது மெஷின் சும்மா நின்றதா? சீக்கிரம் மாற்ற முடிவதால் சிறு சிறு லாட்டாக அடித்தால் கிடங்கில் சரக்கு எவ்வளவு குறையும்? வயதில் மூத்த ஆபரேட்டர் ‘இருபது வருஷமா இப்படித்தான் பண்றோம்’ என்றபோது என்ன செய்தீர்கள்? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் எம்.பி.ஏ. வகுப்பின் ஒரு பாடம். உற்பத்தி மேலாண்மை, சரக்கிருப்புச் செலவு, மனிதவளம் எல்லாம் அந்தச் சின்ன டிராலிக்குள் இருக்கின்றன. புத்தகத்தில் மட்டும் படித்தவருக்கு இரண்டாவது கேள்வியிலேயே மூச்சு முட்டும்.

இது ஓசூருக்கே உரிய வலிமை. இங்கே தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் மோட்டார், தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதை 2002-இல் பெற்றது. கைஸன், 5-எஸ், தர வட்டம் போன்ற தர மேம்பாட்டு முறைகள் இங்கே பெரிய ஆலைகளிலிருந்து வெண்டார் பட்டறைகள் வரை பரவிய அன்றாடப் பேச்சு. நிர்வாகக் கல்லூரி மாணவர்கள் ‘கேஸ் ஸ்டடி’ என்று படிப்பதை இங்குள்ளவர்கள் காலை ஷிஃப்டில் செய்கிறார்கள்.

ஆலையிலிருந்து நிர்வாகப் படிப்புக்குப் போன பெரிய முன்னுதாரணமும் நம்மிடம் உண்டு. கோவையில் பிறந்த சி.கே. பிரகலாத், சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 19 வயதில் யூனியன் கார்பைடின் பேட்டரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே பணியாற்றிய பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனார். பின்னாளில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராக உலகின் முன்னணி நிர்வாகச் சிந்தனையாளர்களில் ஒருவராக அறியப்பட்டபோதும், அந்த ஆலை அனுபவத்தைத் தன் வாழ்வின் திருப்புமுனையாகவே சொன்னார். டைட்டனை 2002 முதல் 2019 வரை நடத்திய பாஸ்கர் பட்டும் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனவர்தான்.

குடும்பத் தொழில் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் இதே தவறைச் செய்கிறார்கள். அப்பா நடத்தும் லேத் பட்டறையைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு, கல்லூரியில் நடத்திய கலைவிழாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். ஜாப் ஒர்க் பணம் எத்தனை நாளில் வருகிறது, தாமதமானால் கூலிக்கு எங்கே கடன் வாங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதற்கும் பட்டறையின் வங்கிக் கணக்கில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை விளக்கத் தெரிந்த ஒருவரை எந்த நேர்முகக் குழுவும் அக்கறையோடு கேட்கும்.

எழுதிக்கொடுக்கும் கடைகள்

இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் (ஐ.எஸ்.பி.), வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்கள் போன்றவை கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் கேட்கின்றன. ‘பணம் கட்டினால் நாங்களே எழுதித் தருகிறோம்’ என்று சொல்லும் ஆலோசனை மையங்கள் பெருநகரங்களில் உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி அந்த வேலையைக் காசில்லாமல் செய்துதருகிறது. இரண்டிலும் ஒரே ஆபத்துதான். எழுத்து மினுமினுப்பாக இருக்கும்; நேர்முகத்தில் அதிலிருந்தே கேட்கப்படும் கேள்விக்கு விண்ணப்பதாரரிடம் பதில் இருக்காது.

பிழை திருத்தவும் இலக்கணம் பார்க்கவும் உதவி வாங்குவதில் தப்பில்லை. எந்தச் சம்பவம், எந்த எண், என்ன முடிவு என்பவை மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது: விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் மூன்று துணைக் கேள்விகளை நண்பர் ஒருவர் கேட்கட்டும். பதில் வராத வரியை அடித்துவிடலாம்.

பரிந்துரைக் கடிதத்தையும் ‘நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்லும் மேலதிகாரிகள் இருக்கிறார்கள். பதவி பெரிதாக இருந்தாலும் அப்படிப்பட்டவரிடம் வாங்குவதைவிட, பக்கத்திலிருந்து வேலையைப் பார்த்த சீனியர் இன்ஜினியர் நாலு வரி உண்மையாக எழுதிக்கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

மேசைக்கு அந்தப் பக்கம்

கேட் முடிவு டிசம்பரில் வரும். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை நேர்முகக் காலம். பல ஐ.ஐ.எம்.களில் முதலில் ஒரு தலைப்பைக் கொடுத்துச் சிறு கட்டுரை எழுதச் சொல்வார்கள். பிறகு இரண்டு அல்லது மூன்று பேர் கொண்ட குழு, ஏறக்குறைய 20 நிமிடம் பேசும். புதிய ஐ.ஐ.எம்.கள் பல சேர்ந்து ஒரே பொது நேர்முகம் நடத்துவதால், ஒருநாள் பேச்சு பல கதவுகளைத் திறக்கலாம். எல்லாவற்றையும் ஒருசேர மூடவும் செய்யலாம்.

கேள்விகள் பெரும்பாலும் நான்கு திசைகளிலிருந்து வரும்: பட்டப் படிப்பின் அடிப்படைப் பாடங்கள், பார்க்கும் வேலை, நாட்டு நடப்பு, சொந்த ஊர். மெக்கானிக்கல் படித்தவருக்கு வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும், பி.காம். படித்தவருக்குத் தேய்மானமும் தெரியாவிட்டால் மீதிக் கேள்விகள் இறுகிவிடும். படித்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்ற சாக்கு அங்கே எடுபடாது. பிடித்த இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்து ஆழமாகத் திரும்பப் படிப்பதுதான் வழி.

சொந்த ஊர்க் கேள்வியில்தான் ஜூஜுவாடிக்காரருக்கு அதிர்ஷ்டம். ‘உங்கள் ஊர் செக்போஸ்டில் 2017 ஜூலைக்குப் பிறகு என்ன மாறியது?’ என்று கேட்டால், ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடி போனது, 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு இ-வே பில் வந்தது, வரித்தாளுக்காக லாரி காத்துக்கிடந்த நேரம் உற்பத்தித் திட்டத்தில் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று அவர் பேசிக்கொண்டே போகலாம். பொருளாதாரப் பேராசிரியருக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

கிருஷ்ணகிரி மாம்பழம் இன்னொரு சுரங்கம். இங்கே விளையும் பெங்களூரா ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போவது. 2025 ஜூனில், வெளி மாநிலத்து அந்த ரக மாங்காய் தன் மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று ஆந்திரத்தின் சித்தூர் நிர்வாகம் தடைவிதித்தது. கர்நாடக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. மாநில எல்லை ஒரு விவசாயியின் விலையை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டு வேறெங்கும் தேட வேண்டாம். காதலர் தினம் வரும் பிப்ரவரியில் ஓசூர் ரோஜாவுக்கு என்ன நடக்கிறது, தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் என்பது போன்றவற்றையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

‘எம்.பி.ஏ. எதற்கு?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். சம்பளம் என்று சொல்லக் கூடாது என்று பயந்து, நாட்டுக்குச் சேவை என்று சிலர் தொடங்குவார்கள். பிரஸ் ஷாப் இளைஞர் இப்படிச் சொல்லலாம்: ‘என் லைனில் என்ன குறை என்று எனக்குத் தெரிகிறது. புது மெஷின் வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்வதா என்ற முடிவு நிதிப் பிரிவில் எடுக்கப்படுகிறது. அந்த முடிவை எடுக்கும் கணக்கு எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொண்டு ஆலை நிர்வாகத்துக்குப் போக விரும்புகிறேன்.’ இதில் குறையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, போகும் இடமும் தெரிகிறது.

அரியர் வைத்தது, ஓராண்டு வேலையில்லாமல் இருந்தது போன்றவற்றை மறைக்க வேண்டியதில்லை. காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். தெரியாத கேள்விக்குத் ‘தெரியவில்லை’ என்று சொல்வதற்கு மதிப்பெண் குறையாது. ஊகித்து உளறினால், அந்த ஊகத்திலிருந்தே அடுத்த ஐந்து கேள்வி வரும்.

ஆங்கிலப் பயம்

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களின் பெரிய தயக்கம் இதுதான். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் ஆங்கிலத்தில்தான். அதை மறுத்துப் பயனில்லை. ஆனால், குழு எதிர்பார்ப்பது குறுகிய, தெளிவான வாக்கியங்கள். கான்வென்ட் உச்சரிப்பு இல்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், அத்திப்பள்ளி கடையில் கன்னடம் என்று மூன்று மொழிகளில் புழங்கும் ஓசூர் இளைஞருக்கு நான்காவது மொழியில் பேசுவது பழக்கத்தால் வசப்படக்கூடியதே.

தினமும் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது, அன்று நடந்த ஒரு பிரச்சினையை ஆங்கிலத்தில் மூன்று நிமிடம் கைபேசியில் பேசிப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கலாம். ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ் இரண்டின் தலையங்கங்களையும் படித்து, கருத்து எங்கே வேறுபடுகிறது என்று ஐந்து வரி எழுதலாம். கட்டுரைத் தேர்வுக்கும் இதுவே பயிற்சி.

உடையைப் பற்றியும் வீண் கவலை வேண்டாம். சென்னையில் வளர்ந்து, கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்து, யேல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பள்ளிக்குப் போன இந்திரா நூயி, பொருந்தாத மேற்கத்திய உடையில் ஒரு வேலை நேர்முகத்துக்குப் போய்க் கூசிப்போனதையும், கல்லூரியின் பணிவாய்ப்பு ஆலோசகர் சொன்னதன்பேரில் அடுத்த நேர்முகத்துக்குப் புடவையில் போய் அந்த வாய்ப்பைப் பெற்றதையும் தானே சொல்லியிருக்கிறார். சுத்தமான, உடம்புக்குச் சரியான, பழகிய உடை போதும்.

கட்டணத்தைக் கண்டு ஒதுங்க வேண்டாம்

பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் இரண்டு ஆண்டுப் படிப்புக்கான கட்டணம் 24 லட்சம் ரூபாய்க்கும் மேல். இந்த எண்ணைக் கேட்டதும் விண்ணப்பமே போடாமல் விடும் குடும்பங்கள்தான் அதிகம். ஆனால், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற மத்திய நிறுவனங்களில் படிக்கும் தமிழகத்தின் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை மாநில அரசு உதவித்தொகை தருகிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது.

ஐ.ஐ.எம். ஒன்றே உலகம் என்றும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றின் மேலாண்மைத் துறைகளும் கேட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் வழியாக மாநிலத்தின் அரசு, தனியார் கல்லூரிகளில் எம்.பி.ஏ. இடங்கள் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. அங்கே மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடும் பழைய சாதிச் சான்றிதழும் செல்லும். வேலையை விட முடியாதவர்களுக்கு பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் வார இறுதிப் படிப்பு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டு சம்பள இழப்பையும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்து எது பொருந்தும் என்று முடிவு செய்யலாம்.

செய்ய வேண்டியவை

விண்ணப்பதாரர்கள் இன்றே ஒரு குறிப்பேடு தொடங்கலாம். மாதம் ஒரு பக்கம்: ஆலையில் அல்லது பட்டறையில் என்ன பிரச்சினை, தான் என்ன செய்தார், எண் எதிலிருந்து எதுவாக மாறியது. ஓராண்டில் சேரும் பன்னிரண்டு பக்கம்தான் விண்ணப்பத்துக்கும் நேர்முகத்துக்கும் மூலப்பொருள். எண்களை எழுதும்போது கம்பெனியின் ரகசியத் தகவல், வாடிக்கையாளர் விலை போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். அப்படி வெளியிடுபவரைக் குழுவும் மதிக்காது.

ஓசூர், கிருஷ்ணகிரி கல்லூரிகள் இறுதியாண்டில் வளாக நேர்காணலுக்குத் தரும் பயிற்சியில் ஒரு பங்கை இரண்டாம் ஆண்டிலிருந்தே கேட், டான்செட் பயிற்சிக்கு ஒதுக்கலாம். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்தக் கல்லூரிகளை எட்டியிருக்கிறது. நிர்வாகப் படிப்புக்கான நேர்முகப் பயிற்சியையும் அதில் சேர்க்கலாம்.

ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியாவும் பெரிய ஆலைகளின் அதிகாரிகளும் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி நேர்முகம் நடத்த முன்வரலாம். எம்.பி.ஏ. முடித்த மேலாளர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டு மேலாளர், ஒரு கல்லூரிப் பேராசிரியர், ஒரு மேசை இருந்தால் போதும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பணி விவரத்தோடு அனுபவச் சான்று கிடைக்கும்படி ஆலைகளின் மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்வதும் செலவில்லாத உதவி.

ஆலைகளின் இரவு ஷிஃப்ட் விடுதிகளில் தங்கியிருக்கும் பட்டதாரிப் பெண்களுக்கு இந்தத் தகவல்கள் போய்ச் சேருவதில்லை. சில ஐ.ஐ.எம்.கள் தேர்வுமுறையில் பெண்களுக்குத் தனி மதிப்பெண் சேர்க்கின்றன. 2013-இல் கோழிக்கோடு ஐ.ஐ.எம். சேர்க்கையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். விடுதி அறிவிப்புப் பலகையில் தேர்வு நாட்காட்டியை ஒட்டுவதிலிருந்து தொடங்கலாம்.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது, மத்திய ஓ.பி.சி., பொருளாதாரத்தில் நலிந்தோர் சான்றிதழ்களுக்காக ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாட்சியர் அலுவலகங்களில் தனி முகாம் நடத்துவது. கன்னட, தெலுங்கு ஆவணங்களோடு வரும் குடும்பங்களுக்கு அங்கேயே மொழிபெயர்ப்பு உதவியும் வேண்டும். கேட் பதிவு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பரில் முடிகிறது. ஆகவே இந்த முகாமை ஜூன், ஜூலையில் நடத்தினால்தான் சான்றிதழ் உரிய நேரத்தில் கைக்கு வரும்.